தம்பி கையெழுத்துப் போடுவதற்கு முன்: ரியாலிட்டி ஷோ நடத்துபவர்கள் போட்டியாளரிடம் எதைச் சொல்லியாக வேண்டும்?

கேள்வி: பாளையங்கோட்டை அக்கா

வணக்கம். சட்டமும் ஊடகமும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். பதில் அவசரமாகத் தேவைப்படுகிறது.

என் தம்பிக்கு 24 வயது. கோயில் கொடைகளிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் பாடிப் பாடி எங்கள் வட்டாரத்தில் ஓரளவு பெயர் எடுத்தவன். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் ரியாலிட்டி ஷோவுக்கு மூன்று சுற்று ஆடிஷன் முடித்துத் தேர்வாகியிருக்கிறான். மற்ற போட்டியாளர்களோடு 70 நாள் ஒரே வீட்டில் தங்க வேண்டும், கைபேசி கிடையாது, கேமரா இரவும் பகலும் ஓடும். ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் 38 பக்க ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. செவ்வாய்க்குள் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால், காத்திருப்போர் பட்டியலில் இருப்பவரை அழைத்துவிடுவோம் என்கிறார்கள்.

நானும் என் கணவரும் விடிய விடிய உட்கார்ந்து படித்தோம். மூன்று இடங்களைத் தாண்ட முடியவில்லை. பங்கேற்பாளரைப் பற்றிய தகவல் உண்மையாக இருந்தாலும் கற்பனையாக இருந்தாலும், அது அவருக்கு அவமானம் தரக்கூடியதாகவே இருந்தாலும், அதை வெளியிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று ஓரிடத்தில் இருக்கிறது. நிகழ்ச்சியின் திருப்பங்களை முன்கூட்டியே தெரிவிக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. பாதியில் வெளியேறினால் 25 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்பது மூன்றாவது.

என் பயத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் அப்பா ஆறு வருடத்துக்கு முன் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதன்பின் தம்பி அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை; அவர் பெயரைச் சொன்னாலே சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவான். ஆடிஷன் படிவத்தில் “உங்கள் மனம் உடைந்த தருணம் எது?” என்று கேட்டிருந்ததற்கு, யாரும் பெரிதாகப் படிக்கமாட்டார்கள் என்று நினைத்து, இதை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். குடும்பத்தார் வீட்டுக்குள் வரும் வாரம் ஒன்று இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் வழக்கமாக உண்டு. அவனிடம் சொல்லாமல் அப்பாவை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்த முடியுமா? சட்டப்படி எதை அவனிடம் சொல்லியாக வேண்டும், எதை மறைக்கலாம்? கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா?

மறுமொழி 1: வழக்குரைஞர், மதுரை

சகோதரி, போட்டியாளரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும், அதன்கீழ் வரும் நிகழ்ச்சி நெறிமுறைகளும், ஒளிபரப்பாளர்கள் 2011-இல் தாங்களே அமைத்துக்கொண்ட குறைதீர் மன்றமும் முதன்மையாகப் பார்வையாளரை மனத்தில் வைத்து உருவானவை. திரைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு முறையிட ஓரிடம் இருக்கிறது. திரைக்குள் இருப்பவருக்கு இருப்பது ஒப்பந்தச் சட்டம்தான். எனவே 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தையே கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

அதன் 17-ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. பொய் சொல்வது மட்டுமல்ல, தெரிந்த ஓர் உண்மையை முனைந்து மறைப்பதும் மோசடிதான். ஆனால் வெறுமனே வாய்மூடி இருப்பது பொதுவாக மோசடி ஆகாது; பேச வேண்டிய கடமை ஒருவருக்கு இருந்தால், அல்லது அவருடைய மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தால்தான் ஆகும். இதை விளக்க அந்தச் சட்டம் ஒரு குதிரை வியாபாரத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் விற்பவர் ஒன்றும் சொல்லாமல் விற்றால் அது மோசடி அன்று. ஆனால் வாங்குபவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வேன்” என்று சொல்லி, அதற்கும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சாகிவிடுகிறது.

உங்கள் தம்பிக்கு நான் சொல்லும் யோசனை முழுவதும் இந்த இரண்டாவது எடுத்துக்காட்டில் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். “என் தந்தையைத் தொடர்புகொண்டிருக்கிறீர்களா, அவரை நிகழ்ச்சிக்கு அழைக்கும் எண்ணம் உண்டா? இல்லையென்று எடுத்துக்கொண்டே கையெழுத்திடுகிறேன், என் எண்ணம் தவறென்றால் அதற்கு முன் மறுத்து எழுதுங்கள்” என்று நேரடியாகக் கேட்கட்டும். கேட்காமல் விட்டால் 19-ஆம் பிரிவு குறுக்கே நிற்கக்கூடும். சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது அது. ஆகவே கேட்டதற்கு எழுத்தில் சாட்சி இருப்பது மிக முக்கியம்.

25 லட்சத்தைப் பற்றி இவ்வளவு அஞ்ச வேண்டாம். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அப்படியே வசூலாகிவிடாது. 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகையே உச்சவரம்பு; அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான். இழப்பே ஏற்படாதபோது ஈடு கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் கைலாஷ் நாத் வழக்கில் 2015-இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியிலிருந்து ஒருவர் வெளியேறினால் தயாரிப்பாளருக்கு ஓரளவு இழப்பு இருக்கத்தான் செய்யும், அதையும் மறந்துவிட வேண்டாம். தனிமனிதரின் திறமையை நம்பிய ஒப்பந்தத்தைச் செய்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. கதவைத் திறக்கச் சொல்லும் ஒருவரைப் பூட்டி வைக்க எந்த ஒப்பந்தமும் அனுமதி தராது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவின்கீழ் முறையற்ற அடைத்துவைப்பு குற்றம். இதைத் தம்பிக்கு நன்றாகச் சொல்லி அனுப்புங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும்போது அவனுக்கு எடுத்துச்சொல்ல ஆள் இருக்காது.

பேரம் பேச வலுவில்லாதவர்மீது சுமத்தப்பட்ட அநியாயமான ஷரத்து பொதுநலனுக்கு முரணானது, செல்லாது என்று 1986-இல் பிரோஜோ நாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஓர் அரசு நிறுவனத்துக்கும் அதன் ஊழியருக்கும் இடையிலான வழக்கு. ஒரு பொழுதுபோக்கு நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். வாதிடலாம். அதற்கு ஆண்டுகள் ஆகும். கையெழுத்துக்கு முன் செலவழிக்கும் ஒரு மணி நேரம் அதைவிடப் பயன்தரும்.

மறுமொழி 2: திருச்சி வாசகர்

எனக்கு இதில் மாற்றுக்கருத்து உண்டு, வருத்தப்படாமல் படியுங்கள். 24 வயது நிரம்பிய ஒருவர், இத்தகைய நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகள் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்கிறார். எதிர்பாராதது நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்றால் நிகழ்ச்சியே இருக்காது. உண்மை கண்டறியும் கருவியை வைத்துப் போட்டியாளர்களின் அந்தரங்கத்தைக் கேட்ட ஓர் இந்தி நிகழ்ச்சியைத் தடை செய்யக் கோரிய மனுவை 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தானாகவே விவாதத்துக்குள் இறங்கியவருக்கு அந்தரங்க உரிமையின் பாதுகாப்பு முழுமையாக இல்லை என்ற கருத்து, நம் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ராஜகோபால் வழக்கின் 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பரிசும் புகழும் வேண்டும், அதன் இடர் மட்டும் வேண்டாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுமொழி 3: முன்னாள் தயாரிப்பு உதவியாளர்

அக்கா, நான் இந்தத் தொழிலில் நான்கு ஆண்டுகள் இருந்தவன். நான் வேலை பார்த்தது வீட்டுக்குள் அடைக்கும் நிகழ்ச்சியில் அல்ல, குடும்பச் சண்டையை மேடையில் வைத்துத் தீர்க்கும் நிகழ்ச்சியில். அத்தகைய ஒரு நிகழ்ச்சிக்கு 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது பலருக்கு நினைவிருக்கும். நான் வேலை பார்த்த இடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா இரவுப் பேருந்து ஏறி வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கல்யாணப் பத்திரிகை, ரேஷன் அட்டை நகல், மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். எதற்கு அம்மா இதெல்லாம் என்று கேட்டதற்கு, “கேட்டா காட்டணும்ல தம்பி” என்றார். கணவரை வரவழைத்துச் சேர்த்துவைப்பார்கள் என்று நம்பி வந்திருந்தார். ஒப்புதல் படிவத்தை நான்தான் நீட்டினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். மேசை இல்லாததால் பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கையில் வைத்து, குனிந்து, பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கையெழுத்திட்டார். கணவரோடு இன்னொரு பெண்ணும் வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியும். அரைமணி நேரத்தில் அந்தப் பெண் எதிர் நாற்காலியில் உட்காரப் போகிறார் என்பதும் தெரியும். இந்த அம்மாவுக்கு மட்டும் தெரியாது. சொல்லக் கூடாது என்பது எனக்கு இடப்பட்ட உத்தரவு. சொல்லிவிட்டால் முகத்தில் அந்த அதிர்ச்சி வராது என்பது அதற்குக் காரணம்.

அன்று அவர் அழுததை நான் இன்றும் மறக்கவில்லை. படிவத்தில் கையெழுத்து இருந்தது. அதை ஒப்புதல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டேன். முன்பே விட்டிருக்க வேண்டும்.

திருச்சி வாசகர் ஐயா சொல்வதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளைய டாஸ்க் என்ன, யார் வைல்டு கார்டில் வருவார், எலிமினேஷன் இரண்டா ஒன்றா என்பதெல்லாம் விளையாட்டின் ரகசியம். அதை யாரும் கேட்கவில்லை. ஒருவருடைய வாழ்க்கையிலிருந்து ஒரு காயத்தை எடுத்து, அவருக்கே தெரியாமல் காட்சியாக்குவது வேறு. “மனம் உடைந்த தருணம்” என்ற கேள்வி சும்மா கேட்கப்படுவதில்லை அக்கா. எங்கள் இடத்தில் அந்தப் பதில்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, கோப்பின் முதல் பக்கமாக வைத்து, எழுத்துக் குழுவுக்கு அனுப்புவோம். ஆடிஷன் அறையில் பரிவோடு கேட்பவரும், பிறகு அதைக் காட்சியாக எழுதுபவரும் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள். என் கணக்கில் முதலில் வெளிப்படுத்த வேண்டியது இதுதான்: நீ எழுதிக் கொடுத்தது யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்பது.

எனவே தம்பியிடம் அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதிலுள்ள தந்தை பற்றிய பகுதியை நிகழ்ச்சியில் பயன்படுத்த ஒப்புதல் இல்லை என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களில் நல்லவர்கள் உண்டு. எழுத்தில் ஒரு தாள் இருந்தால் அவர்களும் தங்கள் மேலதிகாரியிடம் காட்டி மறுக்க முடியும். எனக்கு அன்று அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுமொழி 4: லண்டனிலிருந்து ஒருவர்

நான் இருக்கும் பிரிட்டனில் இந்த விவாதம் உயிர்களைப் பலிகொடுத்த பிறகே சட்டவிதியாக மாறியது. உறவுச் சண்டைகளை மேடையேற்றிய ஒரு பகல்நேர நிகழ்ச்சியை ஐடிவி நிறுவனம் 2019 மே மாதம் நிறுத்தியது. உண்மை கண்டறியும் கருவிச் சோதனையில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஒருவர், படப்பிடிப்பு முடிந்த சில நாள்களில் இறந்துபோனதே காரணம். அதையொட்டி நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணையில் இறங்கியது. ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தன் நெறிமுறைகளைத் திருத்தி, 2021 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது.

அந்த நெறிமுறை ஒப்புதலை எப்படிப் பார்க்கிறது என்பது இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். நிகழ்ச்சி எதைப் பற்றியது, இவரை ஏன் அழைக்கிறோம், எந்த மாதிரிப் பங்களிப்பை எதிர்பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டும். நிகழ்ச்சி உருவாகும்போது அவருடைய ஒப்புதலைப் பாதிக்கக்கூடிய பெரிய மாற்றம் ஏதும் வந்தால், அதையும் சொல்ல வேண்டும். பங்கேற்பதால் அவருடைய நலனுக்கு என்ன இடர் வரலாம், அதைக் குறைக்க என்ன செய்யப்போகிறோம் என்பதையும் 2021-இலிருந்து சொல்ல வேண்டும். பெருந்தீங்குக்கு ஆளாகக்கூடிய பங்கேற்பாளர்மீது தகுந்த அக்கறை காட்ட வேண்டும் என்பது தனி விதி. இத்தனைக்குப் பிறகும் இங்கே ரியாலிட்டி ஷோக்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே, சொன்னால் நிகழ்ச்சியே இருக்காது என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்றே நினைக்கிறேன்.

இதற்கு முந்தைய நிலை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2003-இல் ஸ்பெயினின் இபிசா தீவில் ஒரு பெண்ணின் அன்பைப் பெற ஆறு ஆண்கள் போட்டியிடும் நிகழ்ச்சி ஒன்றைப் படம்பிடித்தார்கள். அவர் ஒரு திருநங்கை என்பதைக் கடைசி நாள்வரை மறைத்துவைத்தார்கள். அந்த ஆண்கள் வழக்குத் தொடுத்ததால் ஒளிபரப்பு தள்ளிப்போனது. நீதிமன்றத்துக்கு வெளியே இழப்பீடு கொடுத்து முடித்துக்கொண்ட பின் 2004-இல் ஒளிபரப்பானது. தீர்ப்பு வராததால் சட்டக் கேள்விக்கு விடை கிடைக்காமலே போனது. அந்தப் பெண்ணின் அடையாளத்தையே ஒரு தந்திரமாக ஆக்கியதுதான் அதில் நடந்த பெரிய அநீதி என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்காவில் இதைவிடக் கொடுமை. தன்னை ரகசியமாக நேசிப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள 1995-இல் ஒரு பேச்சு நிகழ்ச்சிக்குப் போனவர், அது தனக்குத் தெரிந்த ஓர் ஆண் என்று மேடையில் அறிந்து, மூன்று நாள் கழித்து அவரைச் சுட்டுக் கொன்றார். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு ஜூரி 1999-இல் கோடிக்கணக்கான டாலர் ஈடு வழங்கச் சொன்னது. பாதுகாக்கும் சட்டக் கடமை நிகழ்ச்சியாளர்களுக்கு இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் அதை ரத்து செய்தது. நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மறுமொழி 5: வழக்குரைஞர், மதுரை

லண்டன் நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சில நாடுகள் வேறொரு கதவைத் திறந்திருக்கின்றன. பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 2009 ஜூன் 3 அன்று, தீவில் தங்கவைத்துப் படம்பிடிக்கப்பட்ட ரியாலிட்டி ஷோ பங்கேற்பாளர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2019-இல், வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்ற பெண், தான் கொடுமைக்காரியாகச் சித்தரிக்கப்பட்டதால் மனநலம் பாதிக்கப்பட்டதாக முறையிட்டபோது, அவர் அந்தத் தொலைக்காட்சியின் ஊழியர் என்று தொழிலாளர் இழப்பீட்டு ஆணையம் ஏற்றது. ஊழியர் என்று ஆகிவிட்டால், ஆபத்தைச் சொல்வதும் தடுப்பதும் முதலாளியின் கடமையாகிவிடுகிறது. நம் நாட்டில் அந்த வாதம் இன்னும் வலுப்பெறவில்லை. இருப்பினும் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் ஊழியர் என்ற சொல்லுக்கு 2013-லேயே மிக விரிந்த பொருள் தரப்பட்டிருக்கிறது. ஊதியம் இல்லாமல் வேலை செய்பவரும் அதற்குள் அடக்கம். ரியாலிட்டி ஷோ வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு அது பொருந்த வேண்டும் என்றே நான் வாதிடுவேன்.

திருச்சி ஐயாவுக்கு: ராஜகோபால் தீர்ப்பு சொல்வது தானாக விவாதத்துக்குள் இறங்கியவரைப் பற்றி. தம்பி இறங்குகிறான் என்றே வைத்துக்கொள்வோம். அவனுடைய அக்காவும் அம்மாவும் எதிலும் கையெழுத்திடவில்லையே. அப்பாவை மேடையேற்றினால் வெளியே வரப்போவது அவர்களுடைய வாழ்க்கையும்தான்.

மறுமொழி 6: திருச்சி வாசகர்

இந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை. குடும்பத்தார் கையெழுத்திடவில்லை என்பது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்ற என் கருத்து மட்டும் மாறவில்லை.

மறுமொழி 7: பாளையங்கோட்டை அக்கா

அனைவருக்கும் நன்றி. திங்கள் இரவே தம்பி மின்னஞ்சல் அனுப்பிவிட்டான். வழக்குரைஞர் ஐயா சொன்ன வாக்கியத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். படிவத்தின் நகலையும் கேட்டோம். செவ்வாய் மதியம் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, “அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க பிரதர், உங்களுக்கு நல்லதுதான் நடக்கும்” என்றார். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. கையெழுத்துக்கான கெடுவை மட்டும் வெள்ளிவரை நீட்டியிருக்கிறார்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பலாமா?

மறுமொழி 8: வழக்குரைஞர், மதுரை

தொலைபேசியில் சொன்னதைத் தேதியோடும் நேரத்தோடும் அப்படியே எழுதி, “இன்று இவ்வாறு கூறினீர்கள், என் கேள்விக்கு இது பதிலாக அமையவில்லை” என்று அவர்களுக்கே மின்னஞ்சலாகத் திருப்பி அனுப்புங்கள். பதில் வரும்வரை கையெழுத்து வேண்டாம்.

மறுமொழி 9: பாளையங்கோட்டை அக்கா

வியாழன் இரவு ஒரு வரியில் பதில் வந்தது. குடும்பத்தினர் வருகை குறித்து முன்கூட்டியே எந்த உறுதியும் அளிக்க இயலாது என்று எழுதியிருந்தார்கள். தம்பி அதை மூன்று முறை படித்தான். பிறகு அவனாகவே உட்கார்ந்து, தந்தையைத் தொடர்புகொள்வதில்லை என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தால் அன்றைக்கே கையெழுத்திடுகிறேன் என்று எழுதி அனுப்பினான். வெள்ளி மாலை வரை பார்த்தோம், பதில் இல்லை. இன்று சனிக்கிழமை. வள்ளியூர்ப் பக்கம் ஒரு கொடையில் இரவு பத்து மணிக்குப் பாட வேண்டும் என்று சுருதிப்பெட்டியை எடுத்துக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிட்டான்.